ஒட்டுச்செடியும் கூத்து நோட்டும்

அன்புள்ள ஐயா,

மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகலான ஆர்.என்.ஏ. பற்றிப் போன வாரம் எழுதியபோது, செல்லுக்குள் நடக்கும் வெட்டி ஒட்டும் வேலையை எங்கள் சந்தூர் மா ஒட்டுக்கு ஒப்பிட்டிருந்தீர்கள். மூன்று தலைமுறையாக ஒட்டு கட்டுகிற குடும்பம் எங்களுடையது. நாட்டு மாங்கன்றின் தலையை வெட்டி வேறு மரத்துக் குச்சியைச் சொருகிக் கட்டுவோம். அது இரண்டு மரம். நீங்கள் சொல்வதோ ஒரே இழையில் நடுவை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்ப்பது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்கா மகனுக்கு ஒன்றரை வயது. உட்காருகிறான், நிற்க வரவில்லை. பெங்களூரில் எஸ்.எம்.ஏ., தசை பலவீனமாகும் பரம்பரை நோய் என்றார்கள். "ஒரு மரபணு இல்லை. அதே போல இன்னொன்று இருக்கிறது, ஆனால் போதவில்லை" என்றார் டாக்டர். இருப்பது ஏன் போதவில்லை? அக்கா கட்டியது தாய்மாமனை. ஊரில் அதையே பேசுகிறார்கள்.

(பெயர் வேண்டாம்), சந்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒப்பீடு தப்புதான். கத்தி பிடிக்காதவன் ஒட்டைப் பற்றி எழுதினால் இப்படித்தான் ஆகும்.

கூத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். பாரதக் கூத்து நடத்தும் வாத்தியாரின் நோட்டில் எல்லாப் பாட்டும் இருக்கும், நடுநடுவே பக்கம் பக்கமாக ஆடாத சரக்கும் இருக்கும். ஓர் இரவுக்கு வேண்டியதை மட்டும் பிரதியெடுத்துச் சேர்த்துக்கொள்வார். மரபணு அந்த நோட்டு. செல் முதலில் முழுவதையும் ஆர்.என்.ஏ.வாக நகலெடுத்து, வேண்டாததை வெட்டியெறிந்து, மிச்சத்தை ஒட்டுகிறது. இதை 1977இல் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரின் குழுக்களும் அடினோவைரஸ் என்ற சளிக்காய்ச்சல் வைரஸில் கண்டுபிடித்தன. 1993இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, பையன் விஷயம். கைகால் தசைகளை இயக்கும் தண்டுவட நரம்பணுக்கள் பிழைத்திருக்க ஒரு புரதம் வேண்டும். அதைச் செய்வது எஸ்.எம்.என்.1. அவனுக்கு இல்லாதது இதுதான். நம்மிடம் அதன் இரட்டைப் பிறவி போல எஸ்.எம்.என்.2 என்று ஒன்றும் உண்டு. வெட்டியபின் ஒட்டிச் சேர்க்கவேண்டிய அதன் துண்டுகளில் ஏழாவதில் ஒரே ஒரு மரபணு எழுத்து மாறியிருக்கிறது, சி இருக்கவேண்டிய இடத்தில் டி. வேடிக்கை என்னவென்றால் அதனால் பொருள் மாறுவதே இல்லை. ஆனால் கூத்தில் முந்தைய ஆள் எந்தச் சொல்லில் நிறுத்துகிறாரோ அதைக் கேட்டுத்தானே அடுத்த வேஷம் திரையை விலக்கிக்கொண்டு வரும்? "மன்னா" என்பதற்குப் பதில் "அரசே" என்று முடித்தால் சபைக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே நிற்பவர் மட்டும் வரமாட்டார். அப்படி, பெரும்பாலான பிரதிகளில் ஏழாம் துண்டு விட்டுப்போகிறது. அது இல்லாத புரதம் நிலைப்பதில்லை. டாக்டர் "போதவில்லை" என்றது இதைத்தான்.

நோட்டு கெடவில்லை, வெட்டுகிற இடம்தான் தப்பு என்று தெரிந்தால் வெட்டைத் திருத்திப் பார்க்கலாம். ஏட்ரியன் கிரைனர் என்ற விஞ்ஞானி செய்தது அது. உருகுவேயில் பிறந்தவர். 1984இல், மாணவராக இருந்தபோதே, ரத்தத்தின் பீட்டா குளோபின் ஆர்.என்.ஏ.வைச் சோதனைக்குழாயில் வெட்டி ஒட்ட வைத்துக் காட்டியவர். (பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை பலருக்கு வருவதும் இப்படியான வெட்டுப் பிழையால்தான்.) ஏழாம் துண்டுக்கு அடுத்து வரும் வேண்டாத பகுதியில், 'முன்னால் இருப்பதை விட்டுவிடு' என்பது போல ஒரு குறிப்பு உண்டு. பதினெட்டு எழுத்து நீளமுள்ள ஒரு செயற்கைச் சீட்டை அதன்மேல் ஒட்டி மறைத்துவிட்டால் ஏழாம் துண்டு உள்ளே வந்துவிடுகிறது. நுசினெர்சென் என்ற அந்த மருந்துக்கு 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதுகுத்தண்டு நீரில் ஊசியாகப் போடவேண்டும். ரிஸ்டிப்லாம் என்ற இன்னொரு மருந்து வாயால் குடிப்பது, அதுவும் இதே வெட்டைத்தான் திருத்துகிறது. ஒரு புட்டி ஆறு லட்சத்துக்கு மேல் விற்றது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்கு நடந்து, 2025 அக்டோபரில் உள்நாட்டு நிறுவனம் ஒன்று அதையே 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. இதுவும் மாதாமாதம் ஒரு நாற்றுப்பண்ணை வீட்டுக்குச் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் செத்துப்போன நரம்பணு மருந்தால் திரும்பாது. தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் அக்கா. எஸ்.எம்.என்.1 மரபணுவின் பழுதான பிரதி அம்மா, அப்பா இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. உலகத்தில் ஏறக்குறைய ஐம்பது பேரில் ஒருவர் இப்படி ஒன்றை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சுமக்கிறார். சொந்தத்தில் கட்டினால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடும், அதை மழுப்ப மாட்டேன். உங்கள் அம்மாவழித் தாத்தா பாட்டியில் ஒருவரிடமிருந்தே இருவருக்கும் வந்திருக்கலாம். அதற்காக அக்காவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறவர்கள், அந்தச் சம்பந்தத்தை முடிவு செய்த கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தானே?

அதே பிரதி உங்களிடமும் இருக்கலாம். கல்யாணம் ஆகவில்லையென்றால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பையனின் ரிப்போர்ட்டில் எஸ்.எம்.என்.2 எத்தனை பிரதி என்று ஓர் எண் இருக்கும். கூடுதலாக இருந்தால் நோயின் வேகம் பொதுவாகக் குறைவு. அடுத்த முறை பெங்களூர் போகும்போது அந்த எண்ணைக் காட்டி டாக்டரிடம் கேளுங்கள்.