மாட்டுத்தடமும் பாதைதான்

அன்பின் அக்காவுக்கு,

நான் உவர்மலையில் இருக்கிறேன். வயது இருபத்தாறு, வங்கியில் வேலை. போன வருடம் சிநேகிதிகளோடு மலையகம் போய் பீக்கோ ட்ரெயில் என்ற நெடும் நடைபாதையில் இரண்டு நாள் நடந்தேன். அந்த இரண்டு நாளும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் நம் ஊரில் நடப்பதற்கு என்ன இருக்கிறது? குளிர் இல்லை, அடையாளம் போட்ட பாதையும் இல்லை. காட்டுப் பக்கம் போகலாம் என்றால் அம்மா, "பொம்பிளைப் பிள்ளைக்குக் காட்டுக்குள்ள என்ன வேலை, யானை நிக்கும்" என்கிறார். அவர் குச்சவெளிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். வருடத்துக்கு ஒருமுறை லீவு எடுத்து எல்லவுக்கும் நக்கிள்ஸுக்கும் போவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லையா?

ச., திருகோணமலை

அன்பின் தங்கைக்கு,

நீங்கள் நடந்த அந்தப் பாதையிலிருந்தே தொடங்குகிறேன். பீக்கோ ட்ரெயில் 22 பகுதிகளாக, 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதில் பெரும்பகுதி புதிதாக வெட்டியது இல்லை. தோட்டங்களிலிருந்து தேயிலையை இறக்குவதற்காக வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட பாதைகள்தான். அதற்கும் முன்னே, 19ஆம் நூற்றாண்டில், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் சனம் வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளை வரை நடந்தே போனது. பசியிலும் வாந்திபேதியிலும் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள். மலையகத்தில் நடக்கும்போது எனக்கு அந்தக் கால்களின் நினைவு வராமல் இருந்ததில்லை. அடுத்த தடவை போகும்போது உங்களுக்கும் வரட்டும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். அடையாளம் போட்ட பாதை இல்லை என்பது உண்மை. ஆனால் பாதை இல்லை என்று சொல்லாதீர்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரை நம் மாவட்டத்துக்குள்ளால்தான் போகிறது. முல்லைத்தீவுப் பக்கத்தால் வந்து, திருகோணமலை கடந்து, வெருகலில் தங்கி, மட்டக்களப்பு, உகந்தை என்று போய், கடைசியில் குமண, யால காடுகளுக்குள் இறங்குகிறார்கள். அந்தக் கூட்டத்தில் எழுபது வயது அம்மாமார் வெறுங்காலோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்குக் காட்டில் என்ன வேலை என்று அவர்களிடம் கேட்க யாருக்கும் வாய் வராது. அது வேண்டுதல், இது பொழுதுபோக்கு என்று அம்மா சொல்லலாம். நான் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. காலையில் எழுந்து ஒரு போத்தல் தண்ணீரோடு வெளிக்கிட்டு, மரத்தையும் வானத்தையும் பார்த்தபடி நடக்கிற மனம் இரண்டிலும் ஒன்றுதான்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. இடங்களின் பட்டியல் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு தடத்தைப் பிடித்து, அதையே ஒரு வருடம் நடந்து பாருங்கள்.

எனக்கு அப்படி ஒன்று இருக்கிறது. நிலாவெளி றோட்டிலிருந்து மேற்கே இறங்கி ஒரு சின்னக் குளத்துக்குப் போகிற மாட்டுத்தடம். போக நான்கு கிலோமீட்டர், வர நான்கு. பதினொரு வருடமாகக் கிழமைக்கு ஒரு தடவையாவது அதில் நடக்கிறேன். முதல் இரண்டு மாதம் எனக்கு அது வெறும் புழுதியும் முள்ளும்தான். ஐப்பசி மழை விழுந்த மூன்றாம் நாள்தான் கண் திறந்தது. தடமெங்கும் சிவப்புப் பட்டுத்துணியைக் கிள்ளிப் போட்டதுபோலத் தம்பலப்பூச்சிகள். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கார்த்திகையில் வேலியோரம் கார்த்திகைப்பூ. மார்கழியில் பாதி வழிக்கு மேல் போக முடியாது. தடமே வாய்க்கால் ஆகிவிடும், தவளைச் சத்தத்தில் பக்கத்தில் பேசுகிறவர் குரல் கேட்காது. சித்திரையில் கொன்றை. அப்புறம் கச்சான் காற்று தொடங்கும். குளம் நாளுக்கு நாள் சுருங்கும், மீன் எல்லாம் நடுவில் ஒதுங்கும், அதைத் தேடி நாரைகள் கூட்டமாக வந்து இறங்கும். ஆனியில் பாலை பழுக்கும்.

இங்கே எல்லா மரமும் இலை உதிர்க்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பாலை, வீரை எல்லாம் கடும் வெயிலிலும் பச்சையாகத்தான் நிற்கின்றன. இலை தடித்து, மெழுகு பூசியதுபோல் மினுங்கும், அதனால் தண்ணீரை இழக்காது. நம் காட்டைப் 'பற்றைக்காடு' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பற்றைக்குள் முதிரையும் கருங்காலியும் நிற்கின்றன, மரவேலை தெரிந்தவரைக் கேட்டால் அதன் அருமை சொல்வார்.

தொடங்குவதற்கு இன்னும் கிட்டவான இடம் வேண்டுமென்றால், விடியற்காலையில் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறுங்கள். சைக்கிளும் வேண்டாம், ஓட்டோவும் வேண்டாம். 1620களில் போர்த்துக்கீசர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கட்டிய கோட்டை அது. புள்ளிமான்கள் மதிலோரம் படுத்திருக்கும். அவற்றுக்குப் பிஸ்கற் கொடுக்காதீர்கள். கொடுக்கிறவர்களின் பொலித்தீனும் சேர்ந்துதான் அவற்றின் வயிற்றுக்குள் போகிறது, அதனால் செத்த மான்கள் உண்டு. மேலே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்கு அருகில் நின்று கடலைப் பாருங்கள். நம் குடாவிலிருந்து கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு வெளியே போகிறது. அதனால்தான் கரைக்கு இவ்வளவு கிட்ட இத்தனை ஆழம், அதனால்தான் நீலத்திமிங்கிலங்களும் இந்தப் பக்கம் வருகின்றன. பங்குனி தொடங்கி ஆவணி வரை, கடல் அடங்கிக் கிடக்கும் காலையில், மலையில் நின்றபடியே அவை நீர் ஊதுவதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்த்தது. தூரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று எழுந்து கலைந்தது, அவ்வளவுதான். அன்று முழுக்க யாரோடும் அதிகம் பேசவில்லை.

கடற்கரை நடை என்றால் உப்புவெளியிலிருந்து வடக்கே. சாம்பல்தீவில் களப்புவாய் குறுக்கே வரும். இறங்கிக் கடக்க நினைக்காமல் பாலத்துக்கு ஏறிவிடுங்கள். காலையில் போனால் கரைவலை இழுப்பவர்களைப் பார்க்கலாம்.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். யானை நிற்கும் என்று அவர் சொல்வது சரிதான். கன்னியாவுக்கு அப்பால் பெரியகுளம் பக்கமும், குச்சவெளிக் காடுகளிலும், கந்தளாய்ப் பக்கமும் அந்தியிலும் விடியற்காலையிலும் நான் நடப்பதில்லை. வெயில் ஏறிய பிறகு, எட்டு மணி போல வெளிக்கிட்டு, பதினொன்றுக்குள் திரும்பிவிடுவேன். தடத்தில் ஈரம் காயாத இலத்தி கிடந்தாலோ, கிளை முறித்த இடம் பச்சையாக இருந்தாலோ அன்றைய நடை அத்தோடு சரி, திரும்பிவிட வேண்டும். எவ்வளவு ஆசையாக வந்திருந்தாலும் சரி. குளத்தில் முதலை உண்டு, கரையில் குந்தி முகம் கழுவக் கூடாது. இது போர் நடந்த மண்ணும்கூட. மண்டையோடு வரைந்த கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை எங்கே கண்டாலும் அதற்கு அப்பால் ஓரடி வைக்காதீர்கள். மற்ற இடங்களிலும் மாடும் மனிதரும் நாளாந்தம் போகிற தடத்தை விட்டு இறங்காதீர்கள். தனியே வேண்டாம், மூன்று பேராவது போங்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றையும்விட வெயிலுக்குப் பயப்படுங்கள். என் மூன்றாம் வருடத்தில், ஓர் ஆவணி மாதம், பழகிய தடம்தானே என்று அரைப் போத்தல் தண்ணீரோடு பத்து மணிக்கு வெளிக்கிட்டேன். குளத்தடியில் தலை சுற்றி, வேர்வை நின்று, கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பட்டி மாடு பார்க்கும் ஒரு முதியவர்தான் என்னை நிழலில் இருத்தி, தலையில் தண்ணீர் ஊற்றி, தன் போத்தலில் இருந்த மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கத் தந்தார். அவர் அன்று அந்தப் பக்கம் வராதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு லீற்றர் தண்ணீரும் ஒரு தொப்பியும் இல்லாமல் நான் போனதில்லை. நீளக் காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் போடுங்கள், உண்ணிக்கும் பாம்புக்கும் அது நல்லது.

அந்த முதியவரோடு பழகியதுதான் எனக்குக் கிடைத்த பெரிய படிப்பு. எந்தப் பறவை கத்தினால் எது நடமாடுகிறது, எந்த மேட்டில் கரடி பாலைப்பழத்துக்கு வரும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். மாடு மேய்ப்பவர், தேன் எடுப்பவர், கரைவலைக்காரர் இவர்களோடு கதை கொடுங்கள். மூதூர், வெருகல் பக்கம் போனால், தமிழ் பேசும் கரையோர வேடர் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. காட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எழுத்தில் வரவில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. குச்சவெளியில் வளர்ந்த உங்கள் அம்மா சிறு வயதில் பாலைப்பழம் பொறுக்காமல் இருந்திருக்க மாட்டார். உதடு ஒட்டிப்போக ஒட்டிப்போக அதைத் தின்ற கதையைக் கேளுங்கள். வீரைப்பழம், விறகுக்குப் போன வழி, யாரோடு போனார், யானையைக் கண்டால் என்ன செய்தார்கள், எல்லாவற்றையும் கேளுங்கள். போர் அந்தப் பாதைகளை அவரிடமிருந்து பறித்துவிட்டது. பயமாக நமக்குத் தெரிவது, பாதி அந்த இழப்பாகவும் இருக்கலாம். முதல் நடைக்கு அவரையே கூட்டிக்கொண்டு போங்களேன்.

ஆனி பிறந்ததும் பழம் விழத் தொடங்கிவிடும். அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா