அடிக்கடி சலம் கழிக்கும் பிள்ளை: மருந்துக்கு முன் பரிசோதனை

கேள்வி: எனது மகளுக்கு ஆறு வயது, தரம் ஒன்றில் படிக்கிறாள். மூன்று நாட்களாக அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சலம் கழிக்க ஓடுகிறாள். சில துளிகளே வருகின்றன, எரிகிறது என்று அழுகிறாள். காய்ச்சல் இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன்பும் இப்படி வந்தபோது சிறுநீர்த் தொற்று என்று மருந்து தந்தார்கள். உடற்சூடுதான் காரணம் என்கிறார் மாமி. அன்று மிஞ்சிய பாணி மருந்து குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா? (ஒரு தாய், சுன்னாகம்)

பதில்: தயவுசெய்து அதைக் கொடுக்க வேண்டாம். தூளில் நீர் கலந்து தயாரிக்கும் நுண்ணுயிர்க்கொல்லிப் பாணிகள் ஓரிரு வாரங்களில் வீரியம் இழந்துவிடும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, பரிசோதனைக்கு முன் இரண்டு வேளை மருந்து உள்ளே போனாலே சிறுநீரில் கிருமி வளராமல் போகக்கூடும், பிறகு எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை அறிய வழியிருக்காது. இது இரண்டாவது தடவை என்பதால் அந்த விபரம் நமக்குக் கட்டாயம் தேவை.

ஆகவே இன்றே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். உறுப்பை வெறும் நீரால் கழுவி, முதலில் வரும் சலத்தை விட்டுவிட்டு, இடையில் வருவதை அங்கு தரும் கிருமி நீக்கிய போத்தலில் பிடிக்க வேண்டும். வீட்டில் பிடித்து, வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோனால் வழியிலேயே கிருமிகள் பெருகி முடிவைக் குழப்பிவிடும். கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் செல்லும் என்றாலும், மாதிரியைக் கொடுத்தவுடன் வைத்தியர் மருந்தைத் தொடங்கிவிடுவார். எரிவு மறுநாளே தணிந்தாலும் சொன்ன நாள்வரை அதை நிறுத்தக் கூடாது. மறுபடியும் வந்திருப்பதால் சிறுநீரகங்களை ஒரு ஸ்கான் மூலம் பார்ப்பதும் நல்லது.

மாமி சொல்வதை நான் முற்றாகத் தள்ளமாட்டேன். நம்மூர் வெயிலில் போதிய நீர் குடிக்காத பிள்ளைக்குச் சலம் மஞ்சளாகி, செறிந்து, கடுக்கும். இளநீரும் பார்லித் தண்ணீரும் அந்தக் கடுப்பைக் குறைக்கும். ஆனால் தொற்றை உண்டாக்குவது சூடு அல்ல. பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமியே சிறுநீர் வெளியேறும் குழாய் வழியாக மேலேறுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அந்தக் குழாயின் நீளம் குறைவு என்பதால் அவர்களுக்கே இது அதிகம். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவப் பழக்குங்கள்.

ஏன் திரும்ப வந்தது என்பதே நான் உங்களிடம் கேட்க விரும்பும் கேள்வி. காலையில் பாடசாலை சென்று வீடு திரும்பும்வரை மகள் மலசலகூடத்துக்குப் போகிறாளா? விளையாடிக்கொண்டிருக்கையில் திடீரெனக் குந்தி, ஒரு குதிக்காலை அடியில் அழுத்தி அசையாமல் இருப்பாளா? பல தாய்மார் அதை விளையாட்டு என்றே நினைக்கிறார்கள். அது வரும் சலத்தை அடக்கும் முயற்சி. அடக்கப்பட்டுத் தேங்கும் சலத்தில் கிருமிகள் நன்றாகப் பெருகும். வகுப்பாசிரியரிடம் பேசி, இடைவேளையில் கட்டாயம் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அவசரம் வருமுன்னரே போகச் செய்யுங்கள். கொமோட் என்றால், கால் தொங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையால் சலப்பையை முழுதாக வெறுமையாக்க முடியாது. பாதத்துக்குக் கீழே ஒரு சிறு பலகை வையுங்கள், உள்ளாடையை முழங்காலோடு நிறுத்தாமல் கழற்றிவிடுங்கள்.

மலச்சிக்கலையும் கவனியுங்கள். "ஒவ்வொரு நாளும் போகிறாள்" என்று சொல்லும் தாயிடம் எப்படிப் போகிறது என்று கேட்டால், ஆட்டுப் புழுக்கை போல என்பார், அதுவும் மலச்சிக்கலே. நிரம்பிய மலக்குடல் சலப்பையை அழுத்தி அடிக்கடி ஓடவும் வைக்கும், முழுதாக வெளியேறவும் விடாது. பப்பாப்பழம், கீரை, தண்ணீர் போதாவிட்டால் மலமிளக்கி தேவைப்படும். இதைச் சரிசெய்யாமல் தொற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அது திரும்பவும் வரும்.

எரிவில்லாமல் பகலில் மட்டும் அடிக்கடி போய், இரவில் நன்றாகத் தூங்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் மனச்சுமையே காரணம். பரிசோதனையில் தொற்றோ சர்க்கரையோ இல்லை என்று உறுதியானால் பயம் தேவையில்லை. மாறாக, ஒவ்வொரு முறையும் நிறையச் சலம், அடங்காத தாகம், மெலிவு, சலத்தில் எறும்பு மொய்த்தல் இருந்தால் அன்றே இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி, விலாவிலோ முதுகிலோ நோவு தொடங்கினால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். இரவென்றாலும் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.