ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, வெறும் கிறிஸ்தவரா? அண்ணாச்சியிடம் சில கேள்விகள்

சபைச் செயலாளராக இருந்து பதிவேடு எழுதிக் கை காய்த்தவன் என்பதால் என்னைப் பதில் சொல்ல உட்கார வைத்திருக்கிறார்கள். நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. மனைவி வீட்டார் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். ஆகவே எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எனக்கு அடி உண்டு. கேளுங்கள்.

அண்ணாச்சி, சென்னையில் என் அலுவலகத்தில் “நீங்கள் கிறிஸ்டியனா, கத்தோலிக்கா?” என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (பாளையங்கோட்டைத் தம்பி)

கத்தோலிக்கரும் கிறிஸ்தவர்தான் என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடியுங்கள் தம்பி. ஆனால் கேட்டவரை மட்டும் குறை சொல்லாதீர்கள். “நாங்கள் கிறிஸ்டியன், அவர்கள் ஆர்.சி.” என்று நம் சி.எஸ்.ஐ. ஆட்களே கல்யாண வீட்டில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வயதைப் பார்த்தால் கத்தோலிக்கர்தான் நம் பக்கத்தில் மூத்தவர்கள். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் (தூத்துக்குடிக் கடற்கரைச் சமூகத்தார்) 1530களிலேயே ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். 1542இல் கத்தோலிக்கக் குரு பிரான்சிஸ் சவேரியார் வந்தார். நம் புராட்டஸ்டன்ட் பக்கத்து முன்னோடி குளோரிந்தா அம்மையார், மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றதோ 1778இல். பாளையங்கோட்டையில் அவர் கட்டிய கோயில் 1785. இருநூறு வருடத்துக்கு மேல் மூத்த அண்ணனைப் பார்த்து “நீ எங்கள் வீடுதானா?” என்று தம்பி கேட்பது அழகில்லை.

எங்கள் பாட்டி எல்லோரையும் ‘வேதக்காரர்’ என்றே சொல்வார். நாங்கள் இந்துக்கள். அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவா? (திருநெல்வேலி டவுன்)

இல்லை அம்மா. வேதக்காரர், வேதக்கோயில், ‘வேதத்தில் சேர்ந்தார்’ எல்லாம் இந்த மண்ணின் பழைய பேச்சு. எங்கள் ஆச்சியும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஐந்து தலைமுறையாகக் கல்லறைத் தோட்டத்தில் இடம் வைத்திருக்கிற குடும்பத்தைப் பார்த்து ‘மதம் மாறியவர்கள்’ என்று சொல்கிறார்களே, அதுதான் சுருக்கென்று தைக்கும்.

தாத்தா இன்றைக்கும் “நாம் எஸ்.பி.ஜி., மெஞ்ஞானபுரத்தார் சி.எம்.எஸ்.” என்கிறார். எல்லாம் சி.எஸ்.ஐ.தானே? (நாசரேத்)

காகிதத்தில் எல்லாம் சி.எஸ்.ஐ.தான். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல்காரரும் ஏற்கெனவே சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகின. அதற்கு முன் நெல்லைச் சீமையின் ஆங்கிலிக்கன் ஊர்களை எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற இரண்டு இங்கிலாந்து மிஷனெரிச் சங்கங்கள் பங்கு போட்டிருந்தன. நாசரேத், முதலூர், இடையன்குடி, சாயர்புரம் எல்லாம் எஸ்.பி.ஜி. பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், டோனாவூர் எல்லாம் சி.எம்.எஸ். இரண்டும் ஒரே சபையின் சங்கங்கள்தான். என்றாலும் எஸ்.பி.ஜி.யில் அங்கி, பீடம், ஆராதனை முறை பற்றிய அக்கறை கூடுதல். சி.எம்.எஸ்.ஸில் பிரசங்கம் நீளும்.

இந்தப் பிரிவு எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறேன். 1877இல் இந்தச் சீமைக்கு உதவிப் பேராயரை நியமித்தபோது ஒருவர் போதவில்லை. எஸ்.பி.ஜி.க்கு இடையன்குடி கால்டுவெல், சி.எம்.எஸ்.ஸுக்கு சார்ஜென்ட் என்று இருவரை ஒரே நாளில் அபிஷேகம் செய்தார்கள். தனித் திருமண்டலம் (ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதி) அமைந்தது 1896இல்தான். 2003இல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் பிரிந்தபிறகு உங்கள் தாத்தாவின் ஊர் பாளையங்கோட்டைப் பேராயருக்குக் கீழேயும் இல்லை. இத்தனை பெயர்ப்பலகை மாறியும் அவர் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றால், அது அவர் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர், அவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர். சொல்லிவிட்டுப் போகட்டும். பெண் பார்க்கும்போது மட்டும் அதைக் கிளப்ப விடாதீர்கள்.

புதுமருமகள் நான், சென்னைக்காரி. “ஐயர் வருகிறார், காப்பி போடு” என்றார் அத்தை. வந்தவர் வெள்ளை அங்கியில் நின்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. (சாத்தான்குளம்)

இங்கே சி.எஸ்.ஐ. குருவானவர்தான் ஐயர். அவர் மனைவி ஐயரம்மா. குருப்பட்டம் பெறாமல் ஊர்ச்சபையைப் பார்த்துக்கொள்பவர் உபதேசியார். ஆர்.சி.யில் சாமியார், பெந்தெகொஸ்தேயில் பாஸ்டர். காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், எங்கள் ஐயர்மாரில் பலருக்கு நீரிழிவு.

கொழுந்தனார் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். “நீங்கள் பெயர்க் கிறிஸ்தவர்கள், இரட்சிக்கப்படவில்லை, முழுக்கு ஞானஸ்நானம் எடுங்கள்” என்று நச்சரிக்கிறார். (சுரண்டைத் தங்கை)

‘மறுபடியும் பிறத்தல்’ எந்தச் சபைக்கும் தனிச்சொத்து இல்லை தங்கச்சி. யோவான் 3ஆம் அதிகாரத்தில் இயேசு நிக்கொதேமுவிடம் சொன்னது உங்கள் வேதாகமத்திலும் இருக்கிறது. வேறுபாடு அதை எங்கே வைத்துப் பார்க்கிறோம் என்பதில். பெந்தெகொஸ்தேயார், பிரதரன் சபையார் கணக்கில், ஒருவர் தானே விசுவாசித்து அறிக்கை செய்தபிறகு எடுக்கும் முழுக்குத்தான் ஞானஸ்நானம். நம் கணக்கில், பெற்றோர் மடியில் வைத்துக் கொடுத்ததும் ஞானஸ்நானம்தான். அதைப் பிள்ளை வளர்ந்து தன் வாயால் உறுதிப்படுத்துவதற்குத்தான் திடப்படுத்தல். ஒருமுறை பெற்றதை மறுபடி கொடுப்பதை நம் சபை ஏற்பதில்லை. ஆகவே நீங்கள் அங்கே போய் முழுக்கு எடுத்தால் இங்கே ஐயர் கூப்பிட்டு விசாரிப்பார், அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

உங்கள் இரட்சிப்புக்குச் சான்றிதழ் எழுதும் அதிகாரத்தைக் கொழுந்தனாருக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் ‘பெயர்க் கிறிஸ்தவர்’ என்று அவர் சொல்வதில் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சபையார் கூடிச் சாப்பிடும் அசனத்தன்று கோயில் வளாகத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும்போதே தூக்குவாளியோடு முதல் வரிசையில் நிற்கும் சிலரைத் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிற்றில் தேடிப் பிடிக்க முடியாது.

சாதிச் சான்றிதழில் ஆர்.சி., சி.எஸ்.ஐ. என்று எழுத வேண்டுமா? (தென்காசி)

அரசுக்குப் பொதுவாக அது தேவையில்லை. அது பார்ப்பது மதமும் சாதியும். ‘கிறிஸ்தவ நாடார்’ பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. விதிவிலக்காகச் செங்கோட்டை வட்டத்து லத்தீன் கத்தோலிக்கர் அதே பட்டியலில் தனியாக வருவார்கள். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததன் மிச்சம் அது.

வலிக்கிற இடம் வேறு. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கும், பின்னால் சேர்க்கப்பட்ட சீக்கியர், பௌத்தர்களுக்கும் மட்டுமே பட்டியல் சாதி உரிமை. ஞானஸ்நானம் பெற்ற தலித் குடும்பம் இங்கே பிற்படுத்தப்பட்டோர் ஆகிவிடுகிறது. தெருவும் மாறவில்லை, ஊர்க்கண்ணும் மாறவில்லை, சான்றிதழ் மட்டும் மாறுகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், தாலுகா அலுவலகத்தில் ஒரு பெயர் என்று வாழ்பவர்கள் உண்டு. அவர்களை ஏமாற்றுக்காரர் என்று ஏசும் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன்: புதுச்சேரிப் பெண் ஒருவர் ஞானஸ்நானம் பெற்று வேதக்கோயிலுக்கும் போய்க்கொண்டு, வேலைக்காக இந்து என்று உரிமை கோரிய வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஞானஸ்நானம் எடுத்தால் பெயரை மாற்றியே ஆக வேண்டுமா? (அம்பாசமுத்திரம்)

இல்லை. கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த கவிஞர் கிருஷ்ண பிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். முன்னால் ஹென்றி ஆல்பிரட் சேர்ந்ததே தவிர, 1900இல் கண்மூடும்வரை அவர் கிருஷ்ண பிள்ளைதான். வடக்கன்குளத்தில் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் ஆனார். 2022இல் ரோமாபுரியில் அவரைப் புனிதராக அறிவித்தபோது ‘பிள்ளை’யை விட்டுவிட்டார்கள். சாதியைக் காட்டும் வால்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.

எந்தச் சபைப் பெயரும் வேண்டாம், ‘இயேசுவின் சீடன்’ என்று மட்டும் சொன்னால் போதாதா? (கல்லூரி மாணவர், திருச்செந்தூர்)

தாராளமாகச் சொல்லுங்கள் தம்பி. ‘கிறிஸ்தவர்’ என்ற பெயரே புதிய ஏற்பாட்டில் மூன்று இடத்தில்தான் வருகிறது. அந்தியோகியாவில் அது முதலில் வழங்கியபோதும் ஊரார் வைத்த பெயராகத்தான் தெரிகிறது. ஆனால் பத்துப் பேர் உங்களோடு சேர்ந்து ஞாயிறுதோறும் கூடினால் மறுவாரமே ஊர் உங்களுக்கு ஒரு பெயர் வைத்துவிடும். நாசரேத்தில் மிஷனெரியோடு மோதிக்கொண்ட சட்டாம்பிள்ளை, வெள்ளைக்காரன் வாசனையே வேண்டாம் என்று 1857இல் பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டார். ஓய்வுநாளைக்கூடச் சனிக்கிழமைக்கு மாற்றினார். சபைப் பெயரிலேயே ‘இந்து’ என்று சேர்த்தார். இன்று சபை வரலாறு எழுதுபவர்கள் அவருக்கும் ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கிவிட்டார்கள்.

மகளுக்கு ஆர்.சி. மாப்பிள்ளை. நாங்கள் சி.எஸ்.ஐ. என்ன செய்ய வேண்டும்? அழைப்பிதழில் சபைப் பெயர் போட வேண்டுமா? (டோனாவூர்)

முதலில் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பங்குச் சாமியாரிடம் போகட்டும். கலப்புத் திருமணத்துக்கு அவர்கள் ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்க இயன்றதைச் செய்வேன் என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். இதை நிச்சயத்துக்கு முன்பே மகளுக்குத் தெரியப்படுத்துங்கள், தொட்டில் கட்டும்போது அல்ல. நம் சபை ஞானஸ்நானத்தை அவர்கள் ஏற்பதால் மறுபடி எடுக்கச் சொல்ல மாட்டார்கள். இங்கே மூன்று ஞாயிறு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும், ஐயரிடம் கல்யாணத் தேதியை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அழைப்பிதழில் சபைப் பெயரையும் தெருவையும் கட்டாயம் போடுங்கள். ‘காலை பத்து மணிக்கு ஆலயத்தில்’ என்று மட்டும் அச்சடித்தால், கல்யாணம் ஆர்.சி. கோயிலில் நடந்தாலும் உங்கள் பக்கத்து விருந்தாளிகளில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் சி.எஸ்.ஐ. கோயிலில் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.