வெளிநாட்டில் பணியாற்றிய மிஷனரிகளில் உங்கள் மனத்தில் நிற்பவர் யார், ஏன்?

யோகான் பிலிப் பப்ரிசியஸ். புரசைவாக்கத்து லுத்தரன் குடும்பத்தில் வளர்ந்தவன் என்பதால் இந்தப் பெயர் எனக்குச் சிறுவயது முதலே பழக்கம். எங்கள் பக்கத்தில் அவருடைய வேதாகம மொழிபெயர்ப்பையும் ஞானப்பாட்டுகளையும் அகராதியையும் பெருமையாகப் பேசுவார்கள். அவர் கடனுக்காகச் சிறை சென்றதை மட்டும் விட்டுவிடுவார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்கு நியாயம் செய்ததாகும் என்று நான் நினைக்கிறேன்.

1711-இல் ஜெர்மனியில் பிறந்து, ஹாலேயில் இறையியல் படித்து, 1740-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கியவர், 1742 இறுதியில் சென்னைக்கு வந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை, ஊர் திரும்பவும் இல்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது டச்சுக்காரர்கள் வசமிருந்த பழவேற்காட்டுக்குப் போனார். ஆர்மீனிய வணிகர் உஸ்கான் கட்டிய வேப்பேரிக் கோயிலைக் கத்தோலிக்கரிடமிருந்து பறித்துக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மிஷனுக்குக் கொடுத்த பிறகு அங்கே குடியேறினார் (இந்தப் பறிப்பு பெருமைப்படத் தக்கதன்று). 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை வந்தபோது வேப்பேரி சூறையாடப்பட, மீண்டும் பழவேற்காடே தஞ்சமாயிற்று.

1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் எடுத்துவந்த அச்சுப்பொறி, கம்பெனிக்குத் தேவையானதை அச்சிட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அவரிடம் வந்தது. வேப்பேரி அச்சகம் அப்படித்தான் தொடங்கியது. பிரைத்ஹாப்ட் என்ற சக மிஷனரியுடன் சேர்ந்து, ஏறத்தாழ 9,000 சொற்கள் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியை 1779-இல் அங்கே வெளியிட்டார்.

அவர் கடனில் நொடிந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். பாதிரியாரிடம் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்று பலர் தங்கள் பணத்தை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஆர்க்காட்டு நவாபின் கடன்களால் வட்டித் தொழில் கொழித்திருந்த அன்றைய சென்னையில் அவர் அதை வட்டிக்கு விட்டார். தமக்கென்று சேர்க்கும் ஆசை அவருக்கு இருந்ததில்லை, எளிமையாகவே வாழ்ந்தவர். ஆனால் கணக்கில் கண்டிப்பும், ஆளை எடைபோடும் திறனும் அவரிடம் இல்லை. வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. கொடுத்தவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். முதுமையில் சிறைவாசமும் அவமானமும் வந்தன. 1788-இல் கெரிக்கே என்ற இன்னொரு மிஷனரி வேப்பேரிப் பொறுப்பை ஏற்றார். 1791 ஜனவரியில், 80 வயதில், பப்ரிசியஸ் சென்னையிலேயே இறந்தார். அவரை நம்பிப் பணத்தை இழந்தவர்களின் துன்பத்தை அவருடைய தமிழ்ப்பணி ஈடுசெய்துவிடாது. அந்தத் துன்பத்தைக் காட்டி அவருடைய ஐம்பது ஆண்டு உழைப்பை ஒதுக்கிவிடவும் முடியாது.

அவரைப் பற்றி அறிய விரும்புவோர் அகராதியிலிருந்து தொடங்கலாம். பின்னாளில் விரிவாக்கப்பட்டு வந்த அதன் 1972-ஆம் ஆண்டுப் பதிப்பு சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘கை’ என்று தேடிப் பாருங்கள்: கைகூட, கைகொடுக்க, கைவிட என்று, வீட்டிலும் கடைத்தெருவிலும் நாம் இன்றும் புழங்கும் சொற்கள் ஒரே தலைச்சொல்லின் கீழ் வரிசையாக நிற்கும்.