ஒற்றை ராம்தான் தடை

வணக்கம். 40,000 ரூபாய்க்குள் ரைசன் 5 5600ஜி பிராசசர் வைத்துக் கணினி அமைத்தும் விளையாட்டு திணறுகிறது, கிராஃபிக்ஸ் கார்டு வாங்க இப்போது வழியில்லை என்கிறீர்கள். மனம் தளர வேண்டாம். ராம் என்னும் தற்காலிக நினைவகத்தை ஒரே 16 ஜிபி துண்டாகப் போட்டிருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான். பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒற்றை ராமுக்குத் தரவு போய்வரும் பாதை ஒன்றுதான். இரண்டு போட்டால் பாதையும் இரண்டாகும், கிராஃபிக்ஸும் திணறாமல் ஓடும் வாய்ப்பு கூடும். கடைக்காரரிடம் பேசி, 3200 வேகத்தில் இரண்டு 8 ஜிபியாக மாற்றிக்கொள்ளப் பாருங்கள். மதர்போர்டில் ராம் செருக நான்கு இடங்கள் இருந்தால், பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி 2ஆவதும் 4ஆவதும்தான் சரியானவை. அந்த இடத்தின் ஓரத்திலுள்ள தாழ் ‘டக்’கென்று விழும்வரை ராமை அழுத்துங்கள். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியையும் இயக்குங்கள்; இல்லாவிட்டால் ராம் குறைந்த வேகத்திலேயே ஓடக்கூடும். பவர் சப்ளையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், நாளை வாங்கப்போகும் கார்டையும் அதுதான் தாங்க வேண்டும்.