வண்ணாரப்பேட்டையில் வாங்கிய பழைய ஒட்டுச்சுவர் வீட்டில் (பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியது) முன்பு யார் யார் இருந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சொந்தக்காரர் வேறு, குடியிருந்தவர் வேறு. வடசென்னையில் ஒரே வீட்டில் நாலைந்து ஒண்டுக்குடித்தனம் சாதாரணம் என்பதால் இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

சொந்தக்காரர்களைத் தேட வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல். 1975-க்குப் பிந்தையது பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். அதற்கு முந்தியது தளத்தில் இல்லையென்றால் சார் பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பழைய கதவு எண், புதிய கதவு எண், சர்வே எண் மூன்றையும் குறிப்பிடுங்கள்.

மூலப்பத்திரம் கையில் இருந்தால் நேராகச் சொத்து விவரப் பகுதிக்குப் போங்கள். அங்கே சக்குபந்தி இருக்கும்: வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் வீடு, மேற்கே சந்து என்று. ஒட்டுச்சுவர் வீடுகளுக்கு இது பொக்கிஷம். உங்கள் பத்திரமே தொலைந்திருந்தாலும், பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் உங்கள் வீட்டின் அன்றைய உரிமையாளர் பெயர் எல்லையாக வந்திருக்கும். ஆகவே பக்கத்து வீட்டாரிடம் தயங்காமல் கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகவே காட்டுவார்கள்.

அப்புறம் வாடகைக்கு இருந்தவர்கள். இவர்கள் பத்திரத்தில் வரவே மாட்டார்கள், ஆனால் வாக்காளர் பட்டியலில் தெரு, கதவு எண்ணோடு வருவார்கள். 2002, 2005 பட்டியல்கள் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் உள்ளன. கிறிஸ்தவக் குடும்பம் என்று தெரிந்தால் ராயபுரம் புனித பேதுரு ஆலயம் போன்ற பழைய கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் விசாரியுங்கள். ஆங்கிலேயர் காலத்துக்குப் போக வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம்தான்.

இதற்கெல்லாம் முன்னால் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய ஆயாவையோ தாத்தாவையோ பார்த்துப் பேசிவிடுங்கள். பதிவேடுகள் காத்திருக்கும்.