பதின்ம வயதில் ஒரு டென்னிஸ் வீரரின் தொழில் எப்படித் தொடங்குகிறது?

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கும் என் மருமகனுக்கு 13 வயது. டென்னிஸ் பைத்தியம். தொழில்முறை வீரர்கள் எப்படித் தொடங்குகிறார்கள்?

பதில்: முதலில் ஊர் நிலைமை. வன்னியில் எந்தப் பாடசாலை மைதானத்திலும் கரப்பந்து வலை கட்டிவிடலாம், டென்னிஸ் தளம் அப்படியல்ல. போட்டிகள் பெரும்பாலும் கொழும்பில். கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதி வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல். பயணக் காசையும் பயிற்சிச் செலவாகவே கணக்கு வையுங்கள்.

13 வயதானால் சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் கனிஷ்ட போட்டிகளில் ஆடலாம். அங்கே பணம் இல்லை, புள்ளிகள் மட்டும்தான். அப்புறம் எம்15 என்ற அடிமட்டத் தொழில்முறைப் போட்டி. மொத்தப் பரிசு 15,000 டொலர். அதை ஒற்றையரில் 32 பேரும் இரட்டையர் ஆட்டக்காரரும் பங்கிட வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்கு விமானச் சீட்டுக் காசுகூடத் தேறாது. அந்த 32 பேர் ஆடும் பிரதான சுற்றில் ஓர் ஆட்டம் வென்றால் 1 புள்ளி, உலகத் தரவரிசையில் பெயர் வரும். கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் பலர் இதற்கே வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

ஸ்பெயின் வீரர் கார்லோஸ் அல்கராஸ் அந்த முதல் வெற்றியை 2018இல், 14 வயதில், சொந்த ஊரான முர்சியாவிலேயே பெற்றார். வீட்டுப் பக்கத்திலேயே போட்டி நடப்பது எவ்வளவு பெரிய வசதி, பாருங்கள்! 2020இல் ரியோவில், 16 வயதில், ஆண்கள் டென்னிஸின் உயர்மட்டமான ஏடிபி சுற்றில் முதல் வெற்றி. 2022இல் அமெரிக்க ஓப்பன் பட்டத்தோடு 19 வயதில் உலக முதலிடம். இந்த வேகத்தை அளவுகோலாக எடுக்காதீர்கள்.

இப்போதைக்கு மருமகனைக் கொழும்பில் நடக்கும் வயதுப் பிரிவுப் போட்டிகளுக்கு அனுப்புங்கள். விடுமுறையில் வருபவற்றைத் தெரிந்தெடுத்தால் படிப்பும் கெடாது.